முன் பலகையை விட்டுப் போகிறவனுக்கு

பாபு,

நேற்று மத்தியானம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஊறுகாய் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல, "நான் பூனாவுக்குப் போகலைமா, வித்யாகிட்ட சொல்லிட்டேன்" என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, பாத்திரம்தான் பேசும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நீ சமையலறை வாசலில் வந்து நின்று, "அதான் போகலைன்னு சொல்லிட்டேனே, அப்புறம் ஏன் வருத்தப்படறே?" என்று கேட்டாய் பார், அடப்பாவி, அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தம் வந்தது. பெற்ற பிள்ளைக்கு என் கோபத்துக்கும் வருத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று.

நேரில் சொன்னால் நீ "சரிமா, சரிமா" என்பாய். நடுவில் எழுந்து போய் காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பாய், கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேனா என்று பார்ப்பாய். அதனால்தான் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, பசங்கள் வருவதற்கு முன்னால், தமிழ் மெஷினில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். அம்மா டைப் அடித்துக் கடிதம் கொடுக்கிறாளே என்று சிரிக்காதே. என் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். தவிர, விரல் ஓடினால்தான் எனக்கு மனசு ஓடும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம் ஆனது. லீவு முடிந்ததும் அந்தப் பெண் வித்யா தன் வேலைக்குத் தனியாகப் பூனா போய்விட்டாள். உனக்கும் அங்கேயே வேலைக்கு ஆர்டர் வந்து, அது உன் மேஜை மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் இருக்கிறது. திங்கட்கிழமை நீ போய்ச் சேரவில்லை என்றால் அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். எனக்காக நீ இதை விடப் பார்க்கிறாய். விடக் கூடாது. கட்டினவள் ஒரு ஊரிலும் நீ ஒரு ஊரிலுமாக ஆரம்பிக்கிற குடித்தனம் எப்படிப் போகும் என்று ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான். மற்றதெல்லாம் வளவளப்பு, ஆனாலும் படி.

உன் அப்பா போனபோது நீ பிளஸ் டூ. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பின மறுநாள் காலையில் நீயே போய்ப் பால் வாங்கி வந்து, காய்ச்சி, எனக்குக் காப்பி கலந்து கொடுத்தாய். சர்க்கரை போட மறந்துவிட்டாய். நான் சொல்லவில்லை, அப்படியே குடித்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் திருச்சியில் நல்ல காலேஜில் இடம் கிடைத்தும், "காட்டாங்குளத்தூர்லயே அதே கோர்ஸ் இருக்கும்மா, டிரெயின்ல போயிட்டு வந்துடலாம்" என்று சொன்னாய். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது என்று ஊரெல்லாம் காரணம் சொன்னாய். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் "போடா திருச்சிக்கு" என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நீ நடந்து வருகிற நேரத்துக்கு நான் இன்ஸ்டிட்யூட் மாடி ஜன்னலில் நிற்பேன், பின்னால் பசங்கள் தப்புத் தப்பாக அடிப்பது காதில் விழுந்தாலும் திரும்பமாட்டேன்.

அப்புறம்தான் படகு வந்தது. வித்யா கேட்டால் நீ ஒழுங்காகச் சொல்லமாட்டாய் என்பதால் அவளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கப்பலில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயராகி வந்தவர், அவரை எல்லோரும் கேப்டன் சார் என்றுதான் கூப்பிடுவோம், சீன தேசத்துப் பக்கம் டிராகன் படகுப் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, நம்ம ஊர் ஏரியிலும் ஒன்று விடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நீளமான படகு. பலகைக்கு இரண்டு பேராகப் பத்துப் பலகை. எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்து துடுப்பு போடவேண்டும். முன்கோடியில் ஒருவர் மட்டும் நம்மைப் பார்த்து உட்கார்ந்து மேளம் அடிப்பார். பின்கோடியில் கேப்டன் சார் நின்றுகொண்டு சுக்கான் பிடிப்பார். இலேசான ஆட்கள் முன்பக்கம், கனமானவர்கள் நடுவில். முன் பலகையில் இருக்கிற இரண்டு பேர் போடுகிற வேகம்தான் எல்லோருக்கும். மேளக்காரரே அவர்களைப் பார்த்துத்தான் அடிக்கவேண்டும்.

படகைக் கோவளத்தில் ஃபைபரில் செய்து வாங்கிவிட்டார்கள். டிராகன் தலைக்கு எங்கே போவது? கோயில் வாகனம் செய்கிற ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் டிராகனை எங்கே கண்டார்! படம் கொடுத்தும் அவர் கை பழக்கத்துக்கு யாளிதான் செய்தது. திருநீர்மலை ஏரிக்கரை டீக்கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, யானையும் இல்லாம சிங்கமும் இல்லாம ரெண்டுங்கெட்டானா கீது? கண்ணு மட்டும் நம்ம கவுன்சிலர் மாதிரியே கீது!" என்றார். கேப்டன் சாருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் அதற்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மலையைப் பார்த்து எல்லோரும் ஒரு கும்பிடு போட்டபோது, யாளியாக இருந்ததே நல்லது என்று எனக்குத் தோன்றியது. தெரிந்த முகம் அல்லவா.

நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். பெண்களும் கலந்திருந்தால்தான் அந்தப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேப்டன் சார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். டெலிபோன் ஆபீஸ் ராஜி மாதிரி சிலர் வந்திருந்தார்கள், போதவில்லை. "மேடம், நீங்க வாங்களேன்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "ஐயோ, அம்மாவா? வேணாம் சார், அவங்களுக்கு நீச்சல் தெரியாது" என்றாய். அதுவரைக்கும் எனக்கு அந்த எண்ணமே இல்லை, சத்தியமாக. நீ வேண்டாம் என்று சொன்னதால்தான் ஏறினேன். "லைஃப் ஜாக்கெட்டு எனக்கு மட்டும் கிழிஞ்சா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அடுத்த வாரம் நாற்பத்தேழு வயதில் முதல் முதலாகச் சல்வார் தைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாமி, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டாள். "தேவைதான் மாமி, புடவை கட்டிண்டு துடுப்பு போட்டா படகைவிடப் புடவைதான் முன்னாடி போறது" என்றேன். அந்த மாமியே பிறகு என்னிடம் தையல்காரர் முகவரி கேட்டாள், அது வேறு கதை.

என்னை இலேசு என்று சொல்லி இரண்டாம் பலகையில், உனக்கு நேர் பின்னால் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ராஜி. முன் பலகையில் நீயும், என்னிடம் டைப் படித்த சேகரும். முதல் மாதம் நம் படகு போன அழகைப் பார்த்து எருமை சிரித்தது. கேப்டன் சார் பின்னாலிருந்து "ஒன்! டூ!" என்று கத்துவார். ஒவ்வொருவர் ஒன்னும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. மேளத்துக்கு வந்த பாங்க் மணி சாரோ மார்கழி பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். நாலு தட்டு ஒழுங்காகத் தட்டுவார், ஐந்தாவதில் கை ஊறும், பாட்டை முடிக்கிற மாதிரி ஒரு தீர்மானம் வைத்துவிடுவார். முடிந்துவிட்டது என்று பாதிப் பேர் துடுப்பை எடுத்துவிடுவார்கள், பாதிப் பேர் போட்டுக்கொண்டிருப்பார்கள். படகு கோணிக்கொண்டு கோரைக்குள் போய்ச் சொருகும். "மணி சார், இது கச்சேரி இல்ல சார்! டம்மு டம்முன்னு அடிங்க, போதும்!" என்று கேப்டன் சார் தலையில் அடித்துக்கொள்வார். "கை கேக்க மாட்டேங்குது சார்" என்பார் மணி சார், பாவம்.

சித்திரையில் ஏரி வற்றிவிட்டது. பயிற்சி நின்றுவிடக் கூடாது என்று நான்தான் எல்லோரையும் இன்ஸ்டிட்யூட்டுக்கு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்களுக்கு உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கு ஒரு ஒட்டடைக்கம்பு, துடைப்பக்கட்டை. அந்தப் பட்டாளத்தில் பாதிப் பேர் என்னிடம் டைப்பிங் லோயரோ ஹையரோ படித்தவர்கள். நான் ஸ்கேலால் மேஜையைத் தட்டி "ஏ, எஸ், டி, எஃப்" என்று சொன்னதும் பழைய பயத்தில் எல்லாக் கையும் ஒன்றாக இறங்கியது! கேப்டன் சார் வாயைப் பிளந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பதுகளில் உன் அப்பா அந்த மாடியைப் பிடித்துக் கொடுத்தபோது, மேஜைக்கடியில் உட்கார்ந்து நீ அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவாய். உனக்கும் தாளம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். முன் பலகையில் உன் கை ஒரு நாளும் தப்பினதில்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்து முட்டுக்காட்டில் பந்தயம். கழிமுகத்துத் தண்ணீர் ஏரித் தண்ணீர் மாதிரி இல்லை, காற்றும் உப்புமாக ஆளைத் தூக்கியது. நமக்குப் பக்கத்துப் படகில் காலேஜ் பையன்கள், தோள் ஒவ்வொன்றும் அம்மிக்குழவி மாதிரி. நம் யாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். கொடி இறங்கினதும் சிரிப்பு நின்றுவிட்டது. நாம் முன்னால் போய்க்கொண்டிருந்தோம், பாபு! மணி சார்கூடத் தீர்மானம் கீர்மானம் வைக்காமல் அடித்தார். எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியும். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. உன் தோள் போனால் என் தோள் போகும், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு கவலையில்லாமல் நான் இருந்ததே இல்லை. கரையில் யாரோ நம் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

அப்போதுதான் பக்கத்துப் படகிலிருந்து வாரி அடித்த தண்ணீரில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. விழுந்தது கண்ணாடிதான். ஆனால் ராஜி, "ஐயோ மேடம்!" என்று அலறிவிட்டாள். நீ திரும்பினாய்.

துடுப்பை விட்டுவிட்டு, முழுசாகத் திரும்பி, என்னைப் பார்த்தாய். முன் பலகை நின்றால் என்ன ஆகும்? சேகர் கை தாளம் தப்பியது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். மணி சார் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். காலேஜ் பையன்கள் போயே போய்விட்டார்கள். வேடிக்கை என்ன தெரியுமா, கண்ணாடி இல்லாததால் நீ திரும்பினதே எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்குத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, உனக்கு ஒண்ணும் இல்லியே?" என்ற குரல் எனக்கு நேர் எதிரிலிருந்து வந்தபோதுதான், ஐயோ, இவன் முகம் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று திக்கென்றது.

யாரும் உன்னைத் திட்டவில்லை. "விடு பாபு, யாரா இருந்தாலும் திரும்பித்தான் இருப்பாங்க" என்றார் கேப்டன் சார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நீ, "நீ விழுந்துட்டேன்னு நெனச்சேம்மா" என்றாய். "மூக்குக்கண்ணாடிதாண்டா விழுந்துச்சு, மூக்கு இல்ல" என்று நான் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனே தவிர, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தனை பேர் அத்தனை மாதம் பட்ட பாடு வீணாகப் போய்விட்டதே என்று. அதே சமயம் என் மகன் எனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினானே என்று பெருமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் பஸ் வருகிறவரைக்கும் ஈரத் துண்டை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் வருத்தம் என்றுதான் நினைத்திருப்பாய்.

மணி சார் மட்டும் மெதுவாக என் பக்கம் வந்து ஒன்று சொன்னார். இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. "மேடம், உங்க எல்லார் மூஞ்சியையும் பார்த்துண்டு உக்கார்றவன் நான் ஒருத்தன்தான். பாபு துடுப்பு முன்னாடி இருக்கும், காது எப்பவும் பின்னாடிதான் இருக்கும். உங்களுக்கு லேசா இருமல் வந்தாக்கூட அவன் முகம் மாறும். இன்னிக்குத் திரும்பலேன்னா இன்னொரு நாள் திரும்பியிருப்பான்." நான் உன் முதுகைப் பார்த்து, பையன் எவ்வளவு நிம்மதியாகப் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாபு. முதுகைப் பார்த்தால் என்ன தெரியும்! நான் கவலையில்லாமல் இருந்த அந்த நேரமெல்லாம் என் கவலையையும் நீதான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாய்.

நேற்று நீ சொன்னதும் எனக்கு மணி சார் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. திருச்சிக்குப் போகாமல் திரும்பினாய், வாயை மூடிக்கொண்டிருந்தேன். முட்டுக்காட்டில் திரும்பினாய், படகோடு போயிற்று. இந்தத் தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வித்யா. அவள் ஒற்றை ஆளாய்த் துடுப்பு போட்டால் படகு வட்டம்தான் அடிக்கும். அவளும் ஒரு வீட்டுப் பெண்தானே, அவள் அம்மாவும் அவளை அனுப்பிவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறாள்?

எனக்குப் பயமாக இல்லையா என்றால், இருக்கிறது. சாயங்காலம் கடைசி பாட்ச் பசங்கள் இறங்கிப் போன பிறகு, மெஷினுக்கெல்லாம் உறை போடும்போது ஒரு மாதிரி இருக்கும். நீ வருகிற நேரத்துக்கு ஜன்னலுக்குப் போய் நிற்கத்தான் போகிறேன், கால் தானாகப் போகும். ஒரு ஆளுக்குச் சமைக்கச் சோம்பல் பட்டு மோரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். அதற்காக என்னைப் பூனாவுக்குக் கூப்பிடாதே. தீபாவளிக்கு வருகிறேன், பத்து நாள் இருந்து உங்கள் இரண்டு பேர் உயிரையும் வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். புதுசாக வாங்கின இரண்டு கம்ப்யூட்டரையும் பசங்கள் கையில் விட்டுவிட்டு என்னால் வேறெங்கும் இருக்க முடியாது. காஸ் சிலிண்டரை எனக்கே ஆட்டிப் பார்க்கத் தெரியும்.

வித்யா விஷயத்தில் இரண்டொரு வார்த்தை. குழம்பு எப்படி இருந்தாலும் "எங்க அம்மா வைக்கிற மாதிரி" என்று ஆரம்பிக்காதே. நான் வைக்கிறதே சுமார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. அவளுக்குக் கோபம் வந்தால் கோபம் என்று புரிந்துகொள், வருத்தம் என்று நினைத்துச் சமாதானம் பண்ணப் போகாதே, அதைவிட எரிச்சல் உலகத்தில் கிடையாது. உன் அப்பாவும் அப்படித்தான் செய்வார். நான் சீறிக்கொண்டு நிற்பேன், அவர் மல்லிகைப்பூ வாங்கி வருவார். சண்டை போட ஆள் கிடைக்காமல் பூவை வைத்துக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது அந்தப் பூவைத் தூக்கி எறியலாம் போல இருக்கும்.

இன்று விடியற்காலையில் நீ எழுந்திருக்குமுன் நான் எங்கே போனேன் என்று கேட்டாயே, ஏரிக்குத்தான் போனேன். கேப்டன் சாரிடம் நீ ஊருக்குப் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். "அப்ப முன் பலகைக்கு யாரு மேடம்?" என்று அவர் தாடையைச் சொறிந்தார். "நான்" என்றேன். "உங்களால முடியுமா?" என்று இழுத்தார். "இத்தனை நாளா அவன் தோளைப் பாத்துத்தானே சார் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாத தாளமா?" என்றேன். வந்திருந்தவர்களை வைத்து ஒரு சுற்றுப் போனோம். உன் இடத்தில் நான், பக்கத்தில் சேகர். முதல் கொஞ்ச நேரம் தாளம் முன்னே பின்னே போனது. எனக்கு முன்னால் இப்போது யார் முதுகும் இல்லை, பாபு. மணி சாரும், அவருக்குப் பின்னால் தண்ணீரும்தான். அப்புறம் பிடிபட்டுவிட்டது. படகு போயிற்று. நீ இல்லாமல் போயிற்று என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நேராகத்தான் போயிற்று. இறங்கும்போது சேகர், "பாபுவைவிட நீங்க கொஞ்சம் வேகம் மேடம், மூச்சு வாங்குது" என்றான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை வண்டியேற்ற வரமாட்டேன். நமக்குப் பயிற்சி அந்த நேரத்துக்குத்தான். புளியோதரை கட்டி வைத்துவிட்டுப் போகிறேன், வண்டியில் சாப்பிடு. சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடு. போகிற வழியில் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு ஏரிக்கரைக்கு மட்டும் வராதே. உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீ கரையில் வந்து நின்றால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்டா, கண்ணா.

அம்மா